தறிக்கும் தூளிக்கும் நடுவே

சேலத்திலிருந்து மேற்கே கிளம்பிக் கஞ்சமலையைத் தாண்டினால் இளம்பிள்ளை. ஊர் பேரூராட்சிதான், ஆனால் தமிழ்நாட்டில் சேலைக் கடை வைத்திருக்கும் எவருக்கும் அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பியதும் முதலில் வந்து சேருவது தறிச்சத்தம். எது வீடு, எது பட்டறை என்று வெளியே நின்று பிரித்துச் சொல்ல முடியாது. வாசல் அறையில் தறி, அதற்குப் பின்னால் அடுப்பு, சுவரோரம் நூல் கோன் மூட்டைகள், விட்டத்திலிருந்து தொங்கும் தூளி. இடங்கணசாலை, தப்பக்குட்டை, வேம்படிதாளம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இதே காட்சிதான். கட்டிய வீட்டுக்குள் தொழில் வந்து உட்கார்ந்ததும் உண்டு; தொழிலைச் சுற்றி வீடு வளர்ந்ததும் உண்டு.

உழைக்கும் இடத்தையும் வாழும் இடத்தையும் எப்படி அமைப்பது என்று உலகம் இப்போது நிறையப் பேசுகிறது. 2020ல் கொரோனா ஊரடங்கு அலுவலகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தது. அதற்குமுன் அரை நூற்றாண்டாக நடந்த வாதம் வேறு. 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் புரோப்ஸ்ட், ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக அலுவலக மேசையைப் புதிதாக வடிவமைத்தார். நின்றும் நடந்தும் வேலை செய்ய வசதியாக அவர் நினைத்த ஏற்பாட்டை, முதலாளிகள் ஆளுக்கொரு தடுப்புப் பெட்டியாகச் சுருக்கினார்கள். பெட்டி சலித்ததும் தடுப்பே இல்லாத பெருங்கூடம் வந்தது. அங்கே எல்லோரும் எல்லோருடனும் பேசுவார்கள் என்றார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018ல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை எடுத்த பிறகு நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்திருந்தது. ஒதுங்க இடமில்லாத மனிதர் காதில் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு தமக்குள் ஒதுங்கிவிட்டார்.

இந்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: வேலைக்கு என்று தனியாக ஓர் இடம் உண்டு, மாலையில் அதைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கோடிக்கணக்கானவர்களுக்கு அது பொருந்தாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021ல் வெளியிட்ட கணக்குப்படி, கொரோனாவுக்கு முந்தைய 2019லேயே உலகில் சுமார் 26 கோடிப் பேர் வீட்டில் இருந்தபடி சம்பாதித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவில் இருந்தவர்கள். பீடி சுற்றியவர்கள், தைத்தவர்கள், நெய்தவர்கள். வீடும் பணியிடமும் ஒன்றாக இருப்பதை 2020ன் கண்டுபிடிப்பாகப் பேசும் கட்டடக்கலைக்காரர்கள் இளம்பிள்ளையில் ஒரு வாரம் தங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த வாழ்க்கை தரும் சுகமும் அது கேட்கும் விலையும் அங்கே ஒரே கூரையின்கீழ் தெரியும்.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குவோம். அது நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. குழித்தறி வீட்டில் தறிக்கு என்று தரையிலேயே பள்ளம் வெட்டியிருப்பார்கள். நெய்பவர் குழி விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிப்பார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தரையை ஒட்டிப் போவதால் மண்ணின் ஈரம் நூலுக்குக் கிடைக்கும். இழை சீக்கிரம் அறாது. வெளிச்சம் தறிமேல் பக்கவாட்டில் விழும்படி சன்னல் இருக்கும். மேலே ஓடு. ஓட்டின் இடுக்கு வழியாகச் சூடு வெளியேறிவிடும். மழைக்காலத்தில் குழிக்குள் ஊற்றெடுக்கும். அப்போது வேலை நிற்கும், கடன் ஏறும். அந்தக் குறையைச் சொல்லாமல் பழைய வீட்டைப் புகழ்வது நியாயமாகாது.

ஆனால் அந்த வீடு தனியாக நின்ற வீடு கிடையாது. அதன் பாதி தெருவில் இருந்தது. ஒரு பாவை முழு நீளத்துக்கு நீட்டி, குறுக்கே கோல்கள் கொடுத்து, கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவி, வெயில் ஏறுமுன் காயவைக்க வேண்டும். எந்த வீட்டுக் கூடமும் அந்த நீளத்துக்குப் போதாது. எந்த ஒரு குடும்பத்தின் கைகளும் போதாது. அதனால் நெசவுத் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் அமைந்தன. தெரு போதாத ஊரில் பாவடி இருந்தது. சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் தேவாங்கர், செங்குந்தர் முதலான நெசவுச் சமூகங்கள் பாவு நீட்டுவதற்காகப் பொதுவில் வைத்திருந்த திடல் அது. விடியற்காலையில் அங்கே இன்று என் பாவுக்கு நீங்கள், நாளை உங்கள் பாவுக்கு நான் என்று அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். வேலை முடிந்த பகலில் பிள்ளைகள் விளையாடுவார்கள். திருவிழாவுக்கு அம்மன் அங்கேதான் இறங்குவாள். வழக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். இன்று பகிர்வுப் பணியிடம் என்று நகரத்தில் மேசைக்கு மாத வாடகை வாங்குகிறார்களே, அதன் வாடகையில்லாத வடிவம் நம்மிடம் மண் தரையாக இருந்தது.

அரசர்களும் கோயில்களும் இந்த ஏற்பாட்டை நன்றாக அறிந்திருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் தறி இறை, தறிக்கடமை என்ற வரிகள் வருகின்றன. ஆளுக்கு வரி போடாமல் தறிக்குப் போட்டார்கள், தறி எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகத் தெருக்களில் நெசவாளரான கைக்கோளரைக் குடியமர்த்தியதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. இடைக்காலத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி விஜயா ராமசாமி 1985ல் எழுதிய நூல் இதையெல்லாம் விரிவாகப் பேசுகிறது. நெசவாளரின் வீட்டு வரிசை ஊர்த் திட்டத்தின் ஓர் உறுப்பாக இருந்திருக்கிறது என்பது நமக்கு இங்கே போதுமான செய்தி.

வேறு நாடுகளிலும் தறி வீட்டை வடிவமைத்திருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் குருவா ரூஸ் மேட்டில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டு நெசவாளருக்காக எழுந்த குடியிருப்புகளின் கூரை ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். 1804ல் வந்த ஜக்காடு இயந்திரத்தைத் தறியின் தலைமேல் நிறுத்த அந்த உயரம் தேவைப்பட்டது. குடும்பம் எங்கே படுத்தது? அறையின் ஒரு மூலையில் பரண்போல் மரப்பலகை அடித்து அதன்மேல். தறிக்கு 4 மீட்டர், மனிதருக்குக் குனிந்து ஏறும் பரண். அந்தத் தெருக்களில்தான் 1831லும் 1834லும் கூலி கேட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தார்கள். பட்டாளம் வந்து அடக்கியது. அடுத்தடுத்த சன்னலில் ஒரே தொழில் செய்தவர்கள் என்பதால் அவர்கள் ஒன்றுசேர்ந்தது எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. இளம்பிள்ளையிலும் ஜக்காடு உண்டு. தறி வைக்கும் பகுதியின் கூரையை மட்டும் உயர்த்திக் கட்டிவிட்டு, படுக்கும் பகுதியைத் தாழ்வாக விட்ட வீடுகள் அங்கும் கண்ணில் படுகின்றன.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் நடந்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ரிப்பன் நெய்து விற்ற கேஷ் சகோதரர்கள் 1857ல் நெசவாளருக்கு வரிசை வீடுகள் கட்டினார்கள். கீழே இரண்டு தளம் குடியிருப்பு. உச்சித் தளம் பெரிய சன்னல்கள் வைத்த தறி மாடி. எல்லா வீட்டு மாடித் தறிகளையும் ஒரே நீராவி எந்திரம் தண்டு வழியாக ஓட்டியது. விசை பொது, வீடு தனி, நேரம் அவரவர் கையில் என்பது எண்ணம். 100 வீடு திட்டமிட்டு 48தான் கட்டினார்கள். பிறகு மாடிச் சுவர்களை இடித்து ஒரே தொழிற்கூடமாக்கிவிட்டார்கள். எந்திரம் எப்போது ஓடுகிறதோ அப்போது ஆளும் நிற்க வேண்டும் என்று ஆனபின் தனிச் சுவருக்குப் பொருள் இல்லாமல் போயிருக்கும். விசைத்தறி வந்த ஊர்கள் எல்லாவற்றிலும் இந்த இழுபறி நடந்திருக்கிறது.

நம் பக்கத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. குழியை மூடிச் சிமென்ட் போட்டார்கள். அதன்மேல் விசைத்தறி ஏறியது. 1985ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கியது; முதலில் 22 ரகங்கள், பிறகு 11. சட்டம் இருந்தும் சேலையின் பெரும்பங்கு விசைத்தறிக்குப் போய்விட்டது. பாவு ஓட்டுவது வார்ப்பிங் பட்டறைக்குள் எந்திர வேலையாகிவிட்டது. தெருவில் நீட்ட எதுவும் இல்லை. பாவடிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பொது நிலம் நம் ஊரில் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். சில பாவடிகளில் பள்ளிக்கூடம் வந்தது, அது நல்லது. சிலவற்றில் கடைகள், கல்யாண மண்டபம், வண்டி நிறுத்தம். சில இடங்களில் தெருப் பெயர் மட்டும் மிச்சம்.

ஓட்டுக் கூரை போய்ச் சிமென்ட் அட்டையும் தகரமும் வந்தன. சேலம் சமவெளியில் சித்திரை வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அட்டைக்குக் கீழே, ஓடும் மோட்டார்களுக்கு நடுவே அது எவ்வளவாக இருக்கும் என்பதை அங்கே 12 மணி நேர ஷிப்ட் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். இழை பறக்கும், அறும் என்று நூலுக்கு நேராக விசிறியும் வைக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஓசை. கைத்தறியின் சத்தத்துக்கு மேல் பேசலாம், பாடலாம், பிள்ளையைக் கூப்பிடலாம். விசைத்தறிக் கூடங்களில் அளந்தால் பெரும்பாலும் 90 டெசிபலுக்கு மேல்தான் வருகிறது. தொழிற்சாலையில் 8 மணி நேரத்துக்கு நம் விதிகள் அனுமதிக்கும் உச்சமே 90. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. தொழிற்பகுதிக்கு 75, 70. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அப்படியானால் இளம்பிள்ளைத் தெரு எந்தப் பகுதி? குடியிருப்பு என்றால் தறி குற்றம். தொழிற்பகுதி என்றால் தூளி அங்கே இருக்கக் கூடாது. விதியை எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே அறையில் இருக்கும் என்று தோன்றவில்லை.

தொழிற்சாலைச் சட்டத்திலும் இதே கதை. 1948ன் சட்டப்படி மின்விசையோடு 10 பேர், விசையில்லாமல் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 20, 40 என்று உயர்த்தியது. நான்கு தறி, ஆறு தறி வைத்த வீட்டுப் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. பழைய சட்டத்தின் 16ஆம் பிரிவில் அருமையான ஓர் அளவுகோல் இருந்தது: தொழிலாளர் ஒருவருக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம், தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலே உள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த அளவுகோலை ஒரு வீட்டின்மேல் வைத்துப் பார்க்கலாம். 300 சதுர அடி, 10 அடி உயரம் என்றால் 3,000 கன அடி. அதாவது சுமார் 85 கன மீட்டர். தொழிற்சாலையாக இருந்தால் அதில் ஐந்து பேரை நிறுத்தலாம். ஆறாவது ஆளுக்கு மயிரிழை குறையும். அந்த ஐந்து பேர் அங்கே வேலை மட்டும் செய்வார்கள். வீட்டில் இருப்பவர்களோ அதே காற்றுக்குள் சமைக்க வேண்டும், படிக்க வேண்டும், தூங்க வேண்டும், காய்ச்சலில் படுக்க வேண்டும்.

300 சதுர அடி என்று சும்மா சொல்லவில்லை. 2011ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சூரிய ஒளிப் பசுமை வீட்டின் அளவு அதுதான். பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், சுமார் 270 சதுர அடி. 2024ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. வீடற்றவருக்கு வீடு தந்த இத்திட்டங்களின் நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த வரைபடங்கள் எல்லாம் வீட்டில் இருப்பவர் வெளியே போய்ச் சம்பாதித்துத் திரும்புவார் என்று எண்ணிப் போட்டவை. ஒரு விசைத்தறியும் அதைச் சுற்றி நடக்க வழியும் எடுத்துக்கொண்டால் அந்த வீட்டில் ஒரு அறை போய்விடும். விதிவிலக்காக, 1985-86ல் மத்திய அரசு கைத்தறியாளருக்குத் தறிக்கூடத்தோடு சேர்ந்த வீடு என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சரியான எண்ணம் அது. விசைத்தறிக்காரருக்கு அது பொருந்தவில்லை.

இந்தூரில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 80,000 பேருக்கான திட்டம். அங்கே தோஷி முழு வீட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. பெரும்பாலான மனைகளில் அடித்தளமும் கழிப்பறை, குழாய் முதலான அடிப்படை வசதிகளும் தந்து, மீதியை அந்தந்தக் குடும்பம் தன் வரும்படிக்கு ஏற்பக் கட்டிக்கொள்ள விட்டார். முன்பக்கம் திண்ணை, கடை, பட்டறை என்று எதுவாகவும் மாறலாம். 1995ல் ஆகாகான் விருதும் 2018ல் தோஷிக்குப் பிரிட்ஸ்கர் விருதும் கிடைத்தன. அந்தத் திட்டத்தின் உயிர் விருதில் இல்லை. ஏழை வீட்டில் வேலையும் நடக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதில் இருக்கிறது.

வேலையும் வீடும் ஒன்றாக இருப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இந்தக் கேள்வியின் நடுத்தண்டு. 2019-20ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். விசைத்தறி ஊரிலும் தார் சுற்றுவது, நூல் பிரிப்பது, சேலை மடிப்பது, முந்தியில் குஞ்சம் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண் கைகள்தான். தறியையே ஓட்டும் பெண்களும் ஏராளம். தறியை வீட்டைவிட்டு வெளியே வையுங்கள் என்று நிபுணர் சொன்னால் முதலில் மறுப்பவர் அந்தப் பெண்ணாகத்தான் இருப்பார். உலை கொதிக்கும்போது இரண்டு முழம் நெய்யலாம். பிள்ளை அழுதால் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூக்கலாம். மாமியாருக்கு மாத்திரை கொடுக்கலாம். பட்டறை நாலு தெரு தள்ளிப் போனால் இந்த வரும்படி அவருக்கு நின்றுவிடும். அதே வசதிதான் அவருடைய நாளுக்கு முடிவே இல்லாமல் செய்கிறது. எது வேலை நேரம், எது வீட்டு நேரம் என்று யாரும் எண்ணாத இடத்தில் கூலியும் சரியாக எண்ணப்படுவதில்லை. வீட்டுத் தொழிலாளருக்காக 1996ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 177ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.

முழுதாகப் பிரித்துவிடுவதற்கும் அருகிலேயே உதாரணம் இருக்கிறது. கஞ்சமலை அடிவாரத்தில் 1970ல் அடிக்கல் நாட்டி 1981ல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலைக்குத் தனிக் குடியிருப்பு நகரியம் உண்டு. மரம், சாலை, பள்ளி, விளையாட்டுத் திடல், ஆலைச் சத்தம் எட்டாத தூரம். அது பொதுத்துறையின் மாதச் சம்பளமும் ஏக்கர் கணக்கில் நிலமும் சேர்ந்து செய்த காரியம். சேலை நெய்யும் குடும்பத்துக்கு இரண்டும் இல்லை.

சேர்ந்து வாழும் இடம் என்று சொன்னால் விடுதிகளையும் பார்க்க வேண்டும். நாமக்கல், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலி ஏற்பாடு எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரிந்த கசப்பு. வெளியே போக அனுமதி கிடையாது, தொலைபேசி கிடையாது, மொத்தப் பணம் மூன்றாண்டு முடிவில். சுவர் நன்றாகத்தான் இருந்தது, கதவு பூட்டியிருந்தது. 2014ல் தமிழ்நாடு அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் பக்கம் விடுதி உணவு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட மின்னணுத் தொழிற்சாலைப் பெண்கள் மருத்துவமனையில் சேர, தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதே பகுதியில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓர் அறையில் ஆறு பேர். பெரிய முன்னேற்றம்தான். இருந்தாலும் ஒரு விடுதியை நான் மதிப்பிடும் முறை எளியது: அங்கே தங்கும் பெண் ஞாயிற்றுக்கிழமை தன் தாயைக் கூட்டிவந்து உட்காரவைத்து டீ கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா?

விசைத்தறி ஊர்களில் தங்க வைப்பதற்குப் பூட்டு தேவைப்படவில்லை. முன்பணம் போதுமானதாக இருந்தது. பவானி, குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நீவ் 2005ல் வெளியிட்ட நூலில், பட்டறை முதலாளி கொடுக்கும் முன்பணம் தொழிலாளியை எப்படிக் கட்டிப்போடுகிறது, தொழிலாளி அதையே எப்படிப் பேரம் பேசும் பிடியாகத் திருப்புகிறார் என்று இரண்டையும் எழுதியிருக்கிறார். முதலாளியே லைன் வீடும் தரும் இடத்தில் வேலையை விடுவதென்றால் வீட்டையும் விடுவது. வெளிமாநிலத்திலிருந்து வந்து தறி ஓட்டும் இளைஞருக்குப் பல இடங்களில் அதுவும் இல்லை. பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் ஆள் படுக்கிறார்.

அப்படியானால் என்னதான் கட்டுவது? தறியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பாராட்டுவதும் தப்பு, ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குத் துரத்துவதும் தப்பு என்பதே என் முடிவு. தறியும் படுக்கையும் ஒரே சுவருக்குள் இருக்கக் கூடாது; ஒரே தெருவுக்குள் இருக்கலாம். நாலைந்து குடும்பம் சேர்ந்து, நடந்து போகும் தூரத்தில், ஒரு பொதுத் தறிக்கூடம். இதற்கு அரசு பணம் ஒதுக்கியதே இல்லை என்று சொல்ல முடியாது. 2017ல் மத்திய அரசு தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் குழுத் தறிக்கூடம் கட்ட மானியம் இருந்தது. ஆனால் அந்தத் திட்டம் நவீனத் தறிகளையும் துணி உற்பத்தியையும் மனதில் வைத்துப் போட்டது. பிள்ளையை எங்கே படுக்கவைப்பது என்ற கேள்வி அதில் இல்லை. 2017லேயே திருத்திய மகப்பேறுச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. இளம்பிள்ளையின் எந்த வீட்டுப் பட்டறை 50 பேரை எட்டும்? பட்டறைக்குப் பட்டறை எண்ணாமல் தெருவை எண்ணினால் 50 எளிதாக வரும். அங்கன்வாடி மாலையில் மூடிவிடும். ஷிப்ட் இரவிலும் ஓடும். தெருக் காப்பகத்தின் நேரத்தைத் தறியின் நேரத்தோடு பொருத்தினால்தான் அந்தப் பெண் தறியை வீட்டைவிட்டு வெளியே வைக்கச் சம்மதிப்பார்.

மின்சாரத்தையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும். 2023 முதல் தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், கைத்தறிக்கு 300. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 540 யூனிட் ஆகும். அதாவது இலவச மின்சாரம் ஏறக்குறைய இரண்டு தறிக்கான அளவு. சலுகை இணைப்புக்கு இணைப்பு கணக்கிடப்படுகிறது. ஐந்து குடும்பம் ஒரு கூடத்துக்குப் போய் ஒரே மீட்டர் வைத்தால் ஐந்து சலுகை ஒன்றாகிவிடும். வீட்டிலேயே தறியைப் பிடித்து வைத்திருப்பதில் மீட்டருக்கும் பங்கு இருக்கிறது. பொதுக் கூடத்தில் தனித்தனி இணைப்பை அனுமதிப்பது கட்டடம் கட்டுவதைவிட எளிய சீர்திருத்தம்.

கூடத்துக்குப் போக முடியாத வீடுகளுக்கும் செய்ய வேண்டியவை உண்டு. அவை பெரிய செலவும் இல்லை. தறியின் காலடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் மெத்தை. தறி அறைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே பொதுச் சுவர் இல்லாமல், வானம் தெரியும் ஒரு முற்றம், மூன்றடி இருந்தாலும் போதும். அட்டைக் கூரைக்கு மேல் வெள்ளைப் பூச்சு, உச்சியில் வெப்பம் வெளியேற ஒரு திறப்பு. தறி அறைச் சன்னல் தெருவைப் பார்க்கட்டும். பிள்ளை படிக்கும் சன்னல் பின்பக்கம் திரும்பட்டும். வீடு கட்ட மானியம் தரும் அதிகாரி நெசவு ஊர்களுக்கு என்று தனியாக ஒரு வரைபடம் வைத்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி முதல் நாளே நடந்துவிடும்.

அதற்குள் வீட்டுக்கு மூன்றாவது வேலையும் வந்துவிட்டது. இளம்பிள்ளைச் சேலைகள் இன்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கின்றன. முன்னறையின் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, விளக்கு வட்டம் நிறுத்தி, கைபேசிக்கு முன் சேலையை விரித்துக் காட்டும் பெண்களைப் பல வீடுகளில் பார்க்கலாம். படம் எடுக்கும் அரை மணி நேரமாவது அந்தச் சுவருக்குள் தறிச்சத்தம் வராமல் இருக்க வேண்டும். கூரியர் பொட்டலம் கட்டவும் அடுக்கவும் இடம் வேண்டும். தறி, அடுப்பு, கடை மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் முட்டிக்கொள்கின்றன. இதில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்று: நெசவுக் குடும்பத்துப் பெண் முதல் முறையாக வாங்குபவரோடு நேரடியாகப் பேசுகிறார். கூலி பேசுவதும் விலை பேசுவதும் வேறு வேறு பலம். அந்தப் பலத்துக்கு ஓர் அமைதியான அறை தேவைப்படுகிறது. சேலத்தில் 2024ல் குளிரூட்டிய அறைகளோடு நியோ டைடல் பூங்கா திறந்தது மென்பொருள்காரருக்காக. அதில் பத்தில் ஒரு பங்கு இடம் போதும், இளம்பிள்ளையில் ஒரு பொதுப் படப்பிடிப்பு அறையும் பொட்டலக் கூடமும் எழுப்ப.

இடம் எங்கே என்ற கேள்வி வரும். இந்த வட்டாரத்தில் பாவடி நிலங்கள் எல்லாமே போய்விடவில்லை; சமூகக் கட்டளைகளின் பெயரிலும் கோயில்களின் பெயரிலும் திடலாகவே கிடப்பவை இன்னும் உண்டு. பேரூராட்சியும் அந்தச் சமூகங்களும் உட்கார்ந்து பேசினால், காப்பகத்துக்கும் ஷிப்ட் முடிந்தவர் படுத்து ஓய்வெடுக்கும் அறைக்கும் பொட்டலக் கூடத்துக்கும் முதல் மனை அங்கேயே கிடைக்கும். விடியற்காலையில் பாவு நீட்டக் கூடிய அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் அதற்குப் பயனாளிகள். வெளியூரிலிருந்து வந்து அவர்களோடு தறி ஓட்டுகிறவர்களையும் சேர்த்துத்தான் அந்தப் பட்டியலை எழுத வேண்டும்.